சஸ்பென்ஸ் கணக்கு

1

‘ஜனங்களுக்கு சர்க்கார் மேல் நம்பிக்கை போய்விட்டது’ என்ற வாக்கியம் நம் சூழலில் ஒரு மோஸ்தராகிவிட்டது. கருத்தரங்குகளில் முதல் வாக்கியமாகவும் தலையங்கங்களில் கடைசி வாக்கியமாகவும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு ஒரு தங்கையும் உண்டு: ‘மதிப்பீடுகள் சரிந்துவிட்டன.’ இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், சொல்பவர் மட்டும் சரியாத மதிப்பீடுகளோடு ஒரு மேட்டில் நிற்பதாக அர்த்தம். கேட்பவர்களும் அந்த மேட்டில் கொஞ்சம் இடம் கேட்டு ஏறிக்கொள்கிறார்கள். பிறகு காப்பி வருகிறது.

இந்த வாக்கியம் பொய் என்பது என் கட்சி. புகாரை வேறு விலாசத்துக்குத் திருப்பி அனுப்பும் பொய். நம்பிக்கை இழந்தவர்கள் ஜனங்கள் என்று சொன்ன உடனேயே விசாரிக்கப்பட வேண்டியவர்களும் ஜனங்கள்தான் என்றாகிவிடுகிறது. அவர்களுக்கு ஏன் நம்பிக்கை போயிற்று, எந்த உபதேசத்தால் அதைத் திரும்ப ஊட்டலாம் என்று ஆராயப் புறப்பட்டுவிடலாம். சர்க்கார் ஜனங்களை நம்புகிறதா என்ற கேள்வி எழவே எழாது. 1953-ல் கிழக்கு பெர்லின் தொழிலாளர் கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு பிரெக்ட் கிண்டல் செய்தது இந்தத் தலைகீழ் தர்க்கத்தைத்தான். நம்மிடம் அது கிண்டலாகக்கூட வருவதில்லை. சிந்தனை என்றே பெயர் வாங்கியிருக்கிறது.

நான் பாங்க் குமாஸ்தா. நம்பிக்கை என்ற சரக்கைக் கவிஞர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கையாளுகிறவன். குடும்ப பென்ஷன் வாங்கும் ஒரு ரயில்வேக்காரரின் விதவை, ஒவ்வொரு நவம்பரிலும், தான் இன்னும் உயிரோடிருப்பதாக என் மேஜைக்கு முன்னால் வந்து நிரூபித்தாக வேண்டும். முகம் தெரியும், பெயர் தெரியும், போன மாதம் வந்தபோது முழங்கால் வலி என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் நிரூபிக்க வேண்டும். ரேகை தேய்ந்துபோன விரலை மெஷினில் மூன்று தடவை அழுத்திப் பார்க்கிறாள். அவளுக்குக் கோபம் வருவதில்லை. சர்க்கார் கேட்டால் சரியாகத்தான் இருக்கும் என்கிறாள். இவளுக்குத்தான் நம்பிக்கை போய்விட்டதாக மேடையில் பேசுகிறோம்.

2

நம் ஊர்க் கதையை எடுத்துக்கொள்வோம். தேசம், மதிப்பீடு என்று பெரிய சொற்களில் பேசினால் எவருக்கும் நோகாது. கொக்கிரகுளம் என்று சொன்னால்தான் நோகும்.

1999 ஜூலை 23. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மேலே மேகத்துக்குள் கிடக்கும் தேயிலைத் தோட்டங்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்ட, சுமார் 8,374 ஏக்கர் காடு. அங்கே கொழுந்து கிள்ளியவர்கள், பெரும்பாலோர் தலித்துகள், நாள் கூலியை 150 ரூபாயாக்கு என்று கேட்டார்கள். போராடியவர்களில் 652 பேர் சிறைக்குப் போனார்கள். அவர்களை விடுதலை செய்யவும் கூலிப் பிரச்னையைத் தீர்க்கவும் கேட்டு, திருநெல்வேலி ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்து கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம். புதிய தமிழகம் கட்சியின் கிருஷ்ணசாமியும் தமிழ் மாநில காங்கிரஸ் தலைவர்களும் முன்னால் போனார்கள். கலெக்டர் ஆபீஸை நெருங்கும் இடத்தில் போலீஸ் மறித்தது. தடியடி, கண்ணீர்ப்புகை. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் தாமிரபரணி. ஓடுவதற்கு இருந்த திசை ஆறுதான். தண்ணீருக்குள் இறங்கியவர்களையும் விடவில்லை. 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று.

அவர்கள் எங்கே போய்க்கொண்டிருந்தார்கள் என்பதை யோசிக்க வேண்டும். கம்பெனி பங்களாவைக் கொளுத்தப் போகவில்லை. கலெக்டரைப் பார்த்து மனுக் கொடுக்கப் போனார்கள். மனு என்பது என்ன? எனக்குக் குறை இருக்கிறது, அதைத் தீர்க்கிற அதிகாரம் உனக்கு இருக்கிறது, நான் சொன்னால் நீ கேட்பாய் என்ற மூன்று நம்பிக்கைகளை ஒரு தாளில் எழுதி, அடியில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுப்பது. மனுவோடு நிற்கிறவனைவிட சர்க்காரை நம்புகிற பிராணி இந்த தேசத்தில் கிடையாது. திங்கட்கிழமை காலையில் கொக்கிரகுளத்தில் போய் நின்று பார்த்தால் இது தெரியும். பாபநாசத்திலிருந்தும் களக்காட்டிலிருந்தும் ராதாபுரத்திலிருந்தும் பஸ் ஏறி, பிளாஸ்டிக் பையில் ஜெராக்ஸ்களைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். நாலாவது தடவை, ஐந்தாவது தடவை வருகிறவர்கள். நம்பிக்கை போய்விட்டது என்று எழுதுகிற நாம் எவரும் அந்த வரிசையில் நிற்பதில்லை. நமக்குத் தெரிந்த ஆபீசர் இருப்பார்.

ஆக அன்று எதிரெதிரே நின்றவை இரண்டு. நம்பிக்கையோடு வந்த கூட்டம் ஒன்று. அந்தக் கூட்டத்தைக் கண்டு மிரண்ட சர்க்கார் மற்றொன்று. நம்பிக்கையில்லாதது எது என்று எவரும் சொல்லிவிடலாம்.

இதே ஊரில் 1908 மார்ச் 13-ல் வேறொரு சர்க்கார் சுட்டது. வ.உ.சி.யைக் கைது செய்ததற்காகக் கொதித்தெழுந்த ஊர். நாலு பேர் செத்தார்கள். வெள்ளைக்காரன் பிறகு தண்டப் போலீஸைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் செலவையும் ஊர்க்காரர் தலையில் வரியாகக் கட்டினான். அவனிடம் பாசாங்கு இல்லை. உன்னை நான் நம்பவில்லை, அதற்கான செலவை நீயே கொடு என்றான். சுதந்திர சர்க்கார் அப்படி வெளிப்படையாகச் சொல்ல முடியாது. ஆகவே அதற்கு வேறு ஒரு எழுத்து வடிவம் தேவைப்படுகிறது. அதன் பெயர் விசாரணைக் கமிஷன்.

3

பாங்கில் சாயங்காலம் கல்லாவை மூடும்போது கணக்கு நேராக வேண்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் நோட்டை எண்ணித்தான் மூடுகிறோம். 17 ரூபாய் குறைந்தால் எவரும் வீட்டுக்குப் போக முடியாது. கூடினாலும் தப்புத்தான். எவ்வளவு தேடியும் வித்தியாசம் பிடிபடாவிட்டால் அதை சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்றில் போட்டு வைப்போம். தொகை, தேதி, என்ன விவரம் எல்லாம் அதில் இருக்கும். அது தற்காலிக ஏற்பாடு. ஆடிட்டர் வந்ததும் முதலில் புரட்டுவது அந்தக் கணக்கைத்தான். பழைய பதிவு ஒன்று தீராமல் கிடந்தால் மானேஜர் பதில் சொல்ல வேண்டும். நம்பிக்கை என்று நான் புரிந்துகொண்டிருப்பது இவ்வளவுதான். அது ஒரு மன உணர்ச்சி அல்ல. சாயங்காலம் கணக்குப் பார்ப்பார்கள், குறைந்தால் தேடுவார்கள் என்ற ஏற்பாடு.

விசாரணைக் கமிஷன் தேசத்தின் சஸ்பென்ஸ் கணக்கு. ஒரே வித்தியாசம், இதைப் புரட்ட ஆடிட்டர் வருவதில்லை. 1952-ம் வருஷத்து விசாரணைக் கமிஷன் சட்டப்படி, கமிஷன் கண்டுபிடித்துச் சொல்வது பரிந்துரைதான், சர்க்காரைக் கட்டுப்படுத்தாது. அறிக்கையைக் கொடுத்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கையைப் பற்றிய குறிப்போடு சட்டசபையில் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் கடமை முடிந்தது. யாரைப் பற்றி விசாரணையோ அவரே கமிஷனை நியமிக்கிறார், என்ன விசாரிக்கலாம் என்று அவரே எல்லை கட்டுகிறார், முடிவை ஏற்பதா வேண்டாமா என்றும் அவரே தீர்மானிக்கிறார். என் பாங்கில் கல்லாக்காரரே ஆடிட்டராக இருக்க விட்டால் எத்தனை நாள் பாங்க் திறந்திருக்கும்?

1999-க்கு வந்தது ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். மோகன் கமிஷன். அதன் முடிவின் சாரம்: போலீஸ் நடவடிக்கை தவிர்க்க முடியாதது, செத்தவர்களில் பெரும்பாலோர் நீரில் மூழ்கிச் செத்தார்கள்.

4

இங்கேதான் நம் ஆட்கள், அதாவது எழுதுகிறவர்கள், வந்திருக்க வேண்டும்.

‘மூழ்கினார்கள்’ என்பது தன்வினை. மூழ்கியவர்களே அந்த வாக்கியத்தின் எழுவாய். அவர்கள் செய்த காரியம் அது. இங்கிலீஷில் மூழ்குவதற்கும் மூழ்கடிப்பதற்கும் ஒரே வினைச்சொல் போதும். ஆகவே அங்கே ஒளிந்துகொள்ள இடம் உண்டு. பி.ஏ.வில் நான் கற்ற இங்கிலீஷால் எனக்குக் கிடைத்த உபயோகமான தகவல் இது. தமிழில் அந்த இடம் கிடையாது. மூழ்கினான் வேறு, மூழ்கடித்தான் வேறு. ஓடினான் வேறு, ஓட்டினான் வேறு. ஆற்றில் விழுந்தான் வேறு, வீழ்த்தினான் வேறு. செய்தவன் யார் என்று கேட்கிற மொழி நம் மொழி. தொல்காப்பியம் காலத்திலிருந்து வினைக்கு முதல் யார் என்று விசாரித்தவர்கள் நாம். அப்படிப்பட்ட மொழியில் எழுதுகிறவர்கள், 17 பேர் தாமாகவே ஒரு காரியம் செய்துகொண்டதாகச் சொல்லும் வாக்கியத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தோம்.

பேசாமல் இருக்கவில்லை, கவிதை எழுதினோம் என்று சிலர் சொல்லக்கூடும். வாஸ்தவம். இரண்டு வகைக் கவிதைகள் எழுதினோம். முதல் வகையில் தாமிரபரணி ஒரு ஞாபகம். படித்துறை, ஈரத் துணி, மருத மர நிழல், எங்கோ கேட்கும் கோயில் மணி. அந்த ஆற்றில் ஜூலை மாதமே வருவதில்லை. இரண்டாவது வகையில் நதி சிவக்கிறது, நதி அழுகிறது, நதி நீதி கேட்கிறது. எல்லாவற்றையும் நதியே செய்துவிடுகிறது. லத்தியைப் பிடித்த கை கவிதைக்குள் வராது. முதல் வகையை இரண்டாம் வகையினர் பூர்ஷ்வா என்றார்கள்; இரண்டாம் வகையை முதல் வகையினர் கோஷம் என்றார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. இரண்டிலும் வினைமுதல் இல்லை. கமிஷன் அறிக்கையிலும் இல்லை. மூன்றும் ஒரே இலக்கணத்தில் எழுதப்பட்டவை.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடுவது அயோக்கியத்தனம். ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ என்ற ஆவணப்படம், தலைப்பில் உருவகம் இருந்தாலும், படத்துக்குள் மனிதர்களைப் பேச வைத்தது. மாரி செல்வராஜ் தன் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ என்று பெயர் வைத்தார். அந்தத் தலைப்பில் ஒரே ஒரு வினை இருக்கிறது; கமிஷனுக்குக் கிடைக்காத வினை அது. இவர்களுக்கெல்லாம் வெகு முன்னால், 1930-களில், புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ எழுதினார். நெல்லைச் சீமை கிராமம் ஒன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் கதை. யார் அழைத்துக்கொண்டு போனார்கள், யார் கெடுத்தார்கள் என்பது அதில் மழுங்கலாக இல்லை. அவர் அதை எழுதியபோது அவர் ஊருக்கு மேலேயே மாஞ்சோலையில் தேயிலை பயிராகத் தொடங்கியிருந்தது. நாம் புதுமைப்பித்தனின் நடையைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறோம். அவருடைய வினைச்சொற்களைப் படிக்கவில்லை.

5

இதற்கு எதிராக வரக்கூடிய வாதம் எனக்குத் தெரியும். சட்டம், கமிஷன், ஏற்பாடு இவையெல்லாம் வெறும் கூடு; உள்ளே நல்ல மனிதர்கள் வேண்டும்; தேசத்தைத் தாங்குவது தனிமனித தர்மம். இதைச் சொல்பவர்கள் உடனே சுலோசன முதலியார் பாலத்தைக் காட்டுவார்கள். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த ஒருவர், ஜனங்கள் ஆற்றைக் கடக்கத் தவிப்பதைக் கண்டு, தன் சொத்தைப் போட்டு 1843-ல் பாலம் கட்டிக் கொடுத்தார். பாலம் இன்றும் நிற்கிறது. அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. நானும் அதன்மேல்தான் தினமும் ஆபீஸ் போகிறேன்.

ஆனால் அந்தப் பாலம் எதை நிரூபிக்கிறது? ஒரு நல்ல உத்தியோகஸ்தர் இருந்தார் என்பதை. அவ்வளவுதான். அந்தப் பாலத்தின் பக்கத்திலேயேதான் 1999-ல் அது நடந்தது. 156 வருஷத்துக்கு முந்திய தர்மம் ஒரு லத்தியைக்கூடத் தடுக்கவில்லை. தடுக்காது. நல்லவர் செய்த நன்மை அவரோடு போய்விடும். கல்லால் கட்டியிருந்தால் கல் மட்டும் மிஞ்சும். நல்ல கலெக்டர், நேர்மையான தாசில்தார், கண்டிப்பான எஸ்.பி. என்று நாம் கொண்டாடும் வழிபாடு முழுவதும், ஏற்பாடு ஒழுங்காக இல்லை என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம். எந்த ஆள் கவுண்டரில் உட்கார்ந்தாலும் கணக்கு நேராகும் என்றால், நல்ல ஆளைப் பற்றி எவரும் பாட்டுப் பாட மாட்டார்கள்.

நம்பிக்கை எப்படித் திரும்பி வருகிறது என்பதற்கு என் தொழிலிலேயே ஒரு உதாரணம் உண்டு. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. வெள்ளைக்காரன் கம்பெனி, நம்பகமானது என்று பணம் போட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அப்போது எவரும் ‘மதிப்பீடுகளை மீட்போம்’ என்று ஜனங்களுக்கு உபதேசம் செய்து காரியத்தை முடிக்கவில்லை. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மீது வழக்குப் போட்டு 18 மாதம் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலானவர்கள் கூடி 1907-ல் இந்தியன் பாங்கை ஆரம்பித்தார்கள். முதலில் தண்டனையும் புது ஏற்பாடும், அதற்குப் பிறகு நம்பிக்கை. வரிசை அதுதான். நம்மவர்கள் கடைசியில் வர வேண்டியதை முதலில் கேட்கிறார்கள்.

கன்பூஷியஸைப் பற்றி ஒரு பழைய உரையாடல் உண்டு. ராஜ்யத்துக்கு வேண்டியவை எவை என்று சீடன் கேட்க, சோறு, படை, ஜனங்களின் நம்பிக்கை என்று மூன்றைச் சொல்கிறார். ஒன்றை விட வேண்டி வந்தால்? படையை விடு. இன்னொன்றையும் விட வேண்டி வந்தால்? சோற்றை விடு, நம்பிக்கை இல்லாவிட்டால் ராஜ்யமே நிற்காது. இது சொல்லப்பட்டது ஆளுகிறவனைப் பார்த்து. நம் மேடைகளில் இதையே ஆளப்படுகிறவனுக்குச் சொல்வார்கள். சோறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நம்பிக்கையை விட்டுவிடாதே என்று.

6

கமிஷன்களால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2018 மே 22-ல் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில் தூத்துக்குடி ஜனங்களும் கலெக்டர் ஆபீசை நோக்கித்தான் போனார்கள். மறுபடியும் கலெக்டர் ஆபீஸ், மறுபடியும் மனுக்காரர்கள். 13 பேர் செத்தார்கள். அருணா ஜெகதீசன் கமிஷனின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபைக்கு வந்தது. அது துப்பாக்கியை எழுவாயாக்கவில்லை. போலீஸ் அத்துமீறியது என்றது, 17 போலீஸார் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. எழுத முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. எழுதியது தீர்ப்பாகாது என்பதற்கும் அதுவே அத்தாட்சி.

பழைய அறிக்கையை என்ன செய்வது, முடிந்தது முடிந்ததுதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். வட அயர்லாந்தில் டெர்ரி நகரில் 1972 ஜனவரி 30-ல் ஊர்வலம் போனவர்களை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. அன்றே 13 பேர் செத்தார்கள். அந்த வருஷமே விட்ஜரி பிரபு விசாரித்து, பெரும்பாலும் ராணுவத்தின் பக்கமே பேசினார். செத்தவர்களின் குடும்பங்கள் விடவில்லை. 1998-ல் சாவில் பிரபு தலைமையில் மறு விசாரணை. 2010 ஜூன் 15-ல் அறிக்கை வெளியாயிற்று. பிரதம மந்திரி பார்லிமெண்டில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். 38 வருஷம். இங்கிலீஷ்காரன் நம்மைவிட உத்தமன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. 1908-ல் இங்கே சுட்டதும் அந்த வம்சம்தான். ஒரு அறிக்கையை இன்னொரு அறிக்கையால் அடித்து எழுதலாம் என்பதற்காகச் சொல்கிறேன். சஸ்பென்ஸ் கணக்கில் கிடக்கும் பதிவுக்கு காலாவதி கிடையாது.

ஆண்டுதோறும் ஜூலை 23-ல் கட்சிகள் வந்து ஆற்றில் பூத் தூவுகின்றன. போலீஸ் காவல் நிற்கிறது. யாரிடமிருந்து யாருக்குக் காவல் என்று தெரியவில்லை. 2018 அக்டோபரில் அதே ஆற்றுக்குப் புஷ்கர விழா எடுத்து, 144 வருஷத்துக்கு ஒருமுறை வருவது என்று லட்சக்கணக்கானோர் மூழ்கி எழுந்தார்கள். மூழ்கினால் எழுந்துவிடலாம் என்ற உத்தரவாதம் அவர்களுக்கு இருந்தது.

மாஞ்சோலை என்ன ஆயிற்று? குத்தகை 2028-ல் முடிய இருக்க, 2024-லேயே கம்பெனி விருப்ப ஓய்வு என்று ஒரு தாளை நீட்டிவிட்டுக் கிளம்ப ஆயத்தமாயிற்று. யாருடைய விருப்பம் என்று தாளில் இல்லை. அந்தச் சொல்லையும் நம் விமர்சகர்கள் எவரும் அகராதியில் தேடவில்லை. மூன்று, நாலு தலைமுறை அங்கேயே பிறந்து கிடந்தவர்கள், தோட்டத்தை சர்க்கார் டான்டீயே ஏற்று நடத்தட்டும் என்று கேட்டார்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்கு வேலை கொடுக்க சர்க்கார் உண்டாக்கிய ஸ்தாபனம் அது. ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். மனு எழுதிக்கொண்டு மலையிறங்கி, அதே கொக்கிரகுளத்துக்கு, அதே கலெக்டர் ஆபீசுக்கும் வந்தார்கள்.

17 பேரைப் பறிகொடுத்த ஜனங்கள், 25 வருஷம் கழித்து, அதே வாசலில் மறுபடியும் ஒரு தாளை நீட்டுகிறார்கள். இவர்களைப் பற்றி ‘நம்பிக்கை இழந்தவர்கள்’ என்று இனிமேல் எழுதுகிற எவரும், எழுதுவதற்கு முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். மோகன் கமிஷன் முடிவை எடுத்து வைத்துக்கொண்டு அதிலுள்ள தன்வினைகளையெல்லாம் பிறவினையாக்கி, ஒவ்வொன்றுக்கும் எழுவாய் கேட்க வேண்டும். பதில் வராத இடங்களைப் பட்டியலிட்டு, மறு விசாரணை வேண்டும் என்று நம் பெயர்களைப் போட்டு ஒரு மனு எழுத வேண்டும். அதை எடுத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை வரிசையில் போய் நிற்க வேண்டும். தெரிந்த ஆபீசர் மூலமாக அல்ல, வரிசையில்.

வருகிறவர்கள் எனக்கு ஒரு கார்டு எழுதினால் போதும். திங்கட்கிழமை லீவு போட்டுவிடுகிறேன்.